பிளிஸ் இணையரின் கடிதங்கள்

பிளிஸ் இணையரின் கடிதங்கள் என்பது ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கலைப்பொருள் சேகரிப்பாளர்களும் தோட்டக்கலைப் புரவலர்களுமான ராபர்ட் வூட்ஸ் பிளிஸ் (1875–1962), அவரது மனைவி மில்ட்ரெட் பார்ன்ஸ் பிளிஸ் (1879–1969) ஆகிய இருவரும் தம் நண்பர்களுடனும் ஆலோசகர்களுடனும் நடத்திய தனிப்பட்ட கடிதப் போக்குவரத்தைக் குறிக்கும். இவற்றுள் இரண்டு தொகுதிகள் முதன்மையானவை. ஒன்று, பைசாந்தியக் கலை அறிஞரான ராயல் டைலருடன் 1902 முதல் 1953 வரை நடந்த கடிதப் போக்குவரத்து. மற்றொன்று, நிலத்தோற்றக் கலைஞரான பியாட்ரிக்ஸ் ஃபாரண்டுடன் 1920களில் தொடங்கிய கடிதப் போக்குவரத்து. முதல் தொகுதியிலிருந்து ஓர் அருங்காட்சியகம் உருவான விதத்தையும், இரண்டாவது தொகுதியிலிருந்து ஒரு தோட்டம் உருவான விதத்தையும் அறியலாம். இவ்விரண்டும் இன்று வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியிலுள்ள டம்பார்டன் ஓக்ஸ் என்னும் ஆய்வு நிறுவனத்தின் பகுதிகளாக உள்ளன.

செல்வந்தர்களின் தனிப்பட்ட கடிதங்கள் என்ற அளவில் மட்டும் இவை கருதப்படுவதில்லை. ஒரு கலைப்பொருள் யாரால் கண்டறியப்பட்டது, யாருடைய அறிவுரையின் பேரில் வாங்கப்பட்டது, எந்த நாட்டிலிருந்து எவ்வாறு வெளியேறியது என்பன போன்ற வினாக்களுக்கு அருங்காட்சியகத்தின் பதிவேட்டில் விடை கிடைக்காதபோது, ஆய்வாளர்கள் இத்தகைய கடிதங்களையே நாடுகின்றனர்.

பிளிஸ் இணையர்

மில்ட்ரெட்டின் தந்தை டீமஸ் பார்ன்ஸ் ஒரு மருந்து வணிகர். 1867 முதல் 1869 வரை நியூயார்க் மாநிலத்திலிருந்து அமெரிக்கக் காங்கிரசின் உறுப்பினராகவும் இருந்தார். குழந்தைகளுக்கான பேதி மருந்தாகப் புகழ்பெற்ற 'காஸ்டோரியா'வைத் தயாரித்த நிறுவனத்தில் அவர் செய்த முதலீடே குடும்பச் செல்வத்தின் அடித்தளம் ஆகும். அவர் 1888 ஆம் ஆண்டில் இறந்தார். பின்னர் மில்ட்ரெட்டின் தாயார், ராபர்ட்டின் தந்தையை மறுமணம் செய்து கொண்டார். இதனால் மில்ட்ரெட்டும் ராபர்ட்டும் ஒரே குடும்பத்தினர் ஆயினர். குருதித் தொடர்பு இல்லாத இவ்விருவரும் 1908 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திருமணம் செய்து கொண்டனர்.

ராபர்ட் 1900 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்க வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். வெனிஸ், சென் பீட்டர்ஸ்பேர்க், பிரசெல்ஸ், புவெனஸ் ஐரிஸ், பாரிஸ் ஆகிய நகரங்களில் பணியாற்றினார். 1923 முதல் 1927 வரை சுவீடனுக்கான அமெரிக்கத் தூதராகவும், 1927 முதல் 1933 வரை அர்ஜென்டினாவுக்கான தூதராகவும் இருந்தார்.

கடிதங்கள் எழுந்த சூழல்

பிளிஸ் இணையரின் கடிதங்கள் அளவில் மிகுந்திருப்பதற்கு அவர்களுடைய வாழ்க்கை முறையே காரணம் ஆகும். தூதரகப் பணி அவர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறொரு நாட்டுக்குக் கொண்டு சென்றது. அவர்கள் வாங்க விரும்பிய கலைப்பொருட்கள் பாரிஸ் சந்தைக்கு வந்தன. அவர்கள் அமைக்க விரும்பிய தோட்டமோ வாஷிங்டனில் இருந்தது.

1920 ஆம் ஆண்டில் இவர்கள் ஜார்ஜ்டவுனில் சுமார் 53 ஏக்கர் நிலத்தையும், 1801 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஒரு வீட்டையும் வாங்கினர். 1923 முதல் 1933 வரையான பத்தாண்டுகளில் பெரும்பகுதியை இவர்கள் சுவீடனிலும் அர்ஜென்டினாவிலும் கழித்தனர். தோட்டத்தின் பெரும்பகுதி உருவானதும், வீட்டுடன் இசைக்கூடம் இணைக்கப்பட்டதும் இதே பத்தாண்டுகளில்தான். உரிமையாளர் ஒரு கண்டத்திலும் தோட்டம் மற்றொரு கண்டத்திலும் இருந்தமையால், நேரில் பேசி முடித்திருக்கக்கூடிய செய்திகள் பல எழுத்தில் இடம்பெற்றன. உரிமையாளர் தம் வீட்டிலேயே தங்கியிருந்து அமைத்த பல தோட்டங்களுக்கு இத்தகைய எழுத்துச் சான்று கிடைப்பதில்லை.

ராயல் டைலருடனான கடிதங்கள்

ராயல் டைலர் (1884–1953) மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து, இங்கிலாந்தில் கல்வி கற்று, வாழ்நாளின் பெரும்பகுதியை ஐரோப்பாவில் கழித்தவர். ஸ்பெயின் நாட்டின் வாழ்வையும் கலையையும் பற்றி 1909 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் பன்னாட்டுச் சங்கத்தின் சார்பில் அங்கேரியின் நிதி மேற்பார்வைப் பணியில் ஈடுபட்டார். வாழ்க்கைத் தொழிலால் நிதித்துறை அலுவலர் எனினும், பைசாந்தியக் கலையில் அவர் பெற்றிருந்த அறிவு அக்காலத்து அறிஞர்களால் மதிக்கப்பட்டது. ஹேஃபோர்ட் பியர்ஸ் என்பவருடன் இணைந்து பைசாந்தியக் கலை பற்றிய நூல்களை எழுதினார்.

1902 ஆம் ஆண்டில் இக்கடிதங்கள் தொடங்கியபோது டைலருக்கு வயது 18. தொடக்ககாலக் கடிதங்கள் அப்போது மணமாகாதிருந்த மில்ட்ரெட்டுக்கு எழுதப்பட்டவை ஆகும். பயணம், இசை, நூல்கள், பார்த்த தேவாலயங்கள் ஆகியனவே அவற்றின் பேசுபொருள். 1912 ஆம் ஆண்டில் பிளிஸ் இணையர் பாரிசுக்குக் குடிபெயர்ந்த பின்னர், கலைப்பொருள் வணிகம் கடிதங்களில் முதன்மை இடம் பெறலாயிற்று. டைலரின் மனைவி எலிசினாவும் இக்கடிதப் போக்குவரத்தில் பங்கு கொண்டார்.

கொலம்பசுக்கு முந்தைய அமெரிக்கக் கலை

1912 ஆம் ஆண்டில் டைலர், ராபர்ட்டைப் பாரிசின் ரஸ்பாய் பெருந்தெருவிலிருந்த ஒரு சிறிய கடைக்கு அழைத்துச் சென்று, பெரு நாட்டின் தொல்பொருட்களைக் காட்டினார். அதன் பின்னர் ஜோசப் புரூமர் என்னும் வணிகரிடம் ஜேடைட் என்னும் பச்சைக்கல்லால் ஆன, நிற்கும் மனித உருவம் ஒன்றை ராபர்ட் வாங்கினார். இது மெக்சிகோவின் தொன்மையான ஒல்மெக் பண்பாட்டைச் சேர்ந்தது. அக்காலத்தில் ஒல்மெக் பண்பாடு என்ற ஒன்று தனியாக இனங்காணப்பட்டிருக்கவில்லை. கொலம்பசுக்கு முந்தைய அமெரிக்கப் பொருட்கள் மானிடவியல் அருங்காட்சியகங்களுக்கு உரியவை என்றே பலரும் கருதினர். அவற்றைக் கலைப்படைப்புகளாக மதித்துச் சேகரித்த முன்னோடிகளுள் ராபர்ட்டும் ஒருவர். அத்துறையில் தமக்கு ஆர்வம் பிறந்ததற்கு அந்தக் கடைக்குச் சென்றதே காரணம் என்று அவரே பின்னாளில் குறிப்பிட்டுள்ளார்.

பைசாந்தியக் கலை

இன்று டம்பார்டன் ஓக்ஸ் அருங்காட்சியகத்தின் புகழுக்குக் காரணமான பைசாந்தியப் பொருட்கள் பலவும் டைலரின் பரிந்துரையால் வந்தவை. மேற்கு ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கால ஓவியங்களையே செல்வந்தர்கள் போட்டியிட்டு வாங்கிய அக்காலத்தில், பைசாந்தியக் கலையை நாடியோர் சிலரே. டைலர் சந்தைக்கு வரும் பொருட்களைப் பார்த்து, அவற்றின் காலத்தையும் தரத்தையும் மதிப்பிட்டு, எதை வாங்கலாம், எதை விடலாம் என்று எழுதினார். இக்கடிதங்களின் வழியாகப் பிளிஸ் இணையரின் கலைப் பார்வை படிப்படியாக உருவானது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'ரிஹா தட்டு' எனப்படும் வெள்ளித் தட்டு ஆகும். கிறித்தவ வழிபாட்டில் நற்கருணை அப்பம் வைப்பதற்குரிய இத்தட்டில், இயேசு தம் திருத்தூதர்களுக்கு அப்பமும் இரசமும் வழங்கும் காட்சி பொறிக்கப்பட்டுள்ளது. பேரரசர் இரண்டாம் ஜஸ்டினின் ஆட்சிக்கால (565–578) முத்திரைகள் இதில் உள்ளன. பிளிஸ் இணையர் இதனை 1924 ஆம் ஆண்டில் வாங்கினர். இதனுடன் தொடர்புடைய வெள்ளித் திருக்கிண்ணம் ஒன்றை டைலர் 1913 ஆம் ஆண்டிலேயே தமக்கென வாங்கியிருந்தார். அவர் இறந்த பின்னர், 1955 ஆம் ஆண்டில் அதுவும் டம்பார்டன் ஓக்சைச் சேர்ந்தது.

1931 ஆம் ஆண்டில் பாரிசில் நடைபெற்ற பன்னாட்டுப் பைசாந்தியக் கலைக் கண்காட்சியின் அமைப்பாளர்களுள் டைலர் முக்கியமானவர்.

பியாட்ரிக்ஸ் ஃபாரண்டுடனான கடிதங்கள்

பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் (1872–1959) ஐக்கிய அமெரிக்காவின் முதல் தலைமுறை நிலத்தோற்றக் கலைஞர்களுள் ஒருவர். 1899 ஆம் ஆண்டில் அமெரிக்க நிலத்தோற்றக் கலைஞர் சங்கத்தை நிறுவிய 11 பேரில் இவர் ஒருவரே பெண். எழுத்தாளர் ஈடித் வார்ட்டன் இவருடைய அத்தை. வார்ட்டன், டைலர் குடும்பத்துக்கும் நெருங்கிய நண்பர்.

ஃபாரண்ட் 1921 ஆம் ஆண்டில் டம்பார்டன் ஓக்ஸ் தோட்டப் பணியை ஏற்றார். 1922 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் மில்ட்ரெட்டுக்கு எழுதிய நீண்ட கடிதம், தோட்டத்தின் பல்வேறு பகுதிகள் குறித்த அவருடைய முதல் எண்ணங்களைக் கொண்டுள்ளது. வீட்டின் கிழக்கிலும் வடக்கிலும் நிலம் செங்குத்தாக ஓடையை நோக்கி இறங்குகிறது. இச்சரிவை நிரவி மட்டமாக்காமல், படிப்படியாக இறங்கும் மேடைகளாக அமைப்பது அவரது திட்டம் ஆகும். வீட்டை ஒட்டிய மேடைகள் ஒழுங்கான வடிவங்களைக் கொண்டிருக்கும். கீழே செல்லச் செல்ல வடிவங்கள் தளர்ந்து, இறுதியில் தோட்டம் காட்டுடன் கலந்துவிடும்.

1927 ஆம் ஆண்டில் ஃபாரண்டின் கணவர் கலிபோர்னியாவிலுள்ள ஹண்டிங்டன் நூலகத்தின் இயக்குநர் ஆனார். அதனால் ஃபாரண்டும் நாட்டின் மறு கரைக்குக் குடிபெயர்ந்தார். அப்போது பிளிஸ் இணையர் அர்ஜென்டினாவில் இருந்தனர். வடிவமைப்பாளர், உரிமையாளர் ஆகிய இருவருமே தோட்டத்திலிருந்து தொலைவில் இருந்த இக்காலத்தில் கடிதங்களின் தேவை மேலும் கூடியது. சுவர், வாயில், அணிகலத் தூண் போன்றவற்றுக்கு முழு அளவு மாதிரிகளை அந்தந்த இடத்தில் நிறுத்திப் பார்த்த பின்னரே இறுதி முடிவு எடுக்கும் முறையை ஃபாரண்ட் பின்பற்றினார்.

ஃபாரண்ட் தம் கடிதங்களில் மில்ட்ரெட், ராபர்ட் ஆகிய இரு பெயர்களையும் இணைத்து 'மில்ராப்' என்று விளிப்பதுண்டு. பணி ஒப்பந்தமாகத் தொடங்கிய உறவு நெருங்கிய நட்பாக வளர்ந்ததை இது காட்டுகிறது. தோட்டம் குறித்த முடிவுகளில் மில்ட்ரெட் வெறும் வாடிக்கையாளராக நிற்கவில்லை என்பதும் இக்கடிதங்களால் தெரிகிறது. தோட்டம் இவ்விருவரின் கூட்டுப் படைப்பு என்றே வரலாற்றாசிரியர்கள் இன்று கருதுகின்றனர்.

தாவரக் கையேடு

தோட்டம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கைமாறியபோது, அதனைப் பராமரிப்போருக்காக ஃபாரண்ட் ஒரு கையேட்டை எழுதினார். எந்த இடத்தில் எந்தச் செடி ஏன் நடப்பட்டது, அது பட்டுப்போனால் அதற்கு ஈடாக எதை நடலாம், எதை எவ்வளவு வளரவிடலாம் என்பனவற்றை அது விளக்குகிறது. அது 1980 ஆம் ஆண்டில் நூலாக வெளியிடப்பட்டது. கட்டடத்தைப் போலன்றித் தோட்டம் ஆண்டுதோறும் மாறக்கூடியது. எனவே வடிவமைப்பாளரின் நோக்கம் எழுத்தில் இல்லாவிட்டால் மரங்களுடன் அதுவும் மறைந்துவிடும். கடிதங்களும் இக்கையேடும் சேர்ந்து அந்நோக்கத்தைப் பாதுகாக்கின்றன.

போரும் கொடையும்

1933 ஆம் ஆண்டில் ராபர்ட் ஓய்வு பெற்ற பின்னரே பிளிஸ் இணையர் டம்பார்டன் ஓக்சில் நிலையாக வாழத் தொடங்கினர். தம் மறைவுக்குப் பின்னர் வீட்டையும் சேகரிப்பையும் ஓர் ஆய்வு நிறுவனமாக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைப்பது அவர்களின் எண்ணம். இவ்வெண்ணம் 1930களின் கடிதங்களில் இடம்பெறுகிறது. எனினும் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதால் அவர்கள் காத்திருக்கவில்லை. 1940 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேயே கொடை நிறைவேறியது. இருபது ஆண்டுகள் கடிதம் மூலம் உருவாக்கிய வீட்டில் அவர்கள் நிலையாக வாழ்ந்தது சுமார் ஏழு ஆண்டுகள் மட்டுமே.

நிலத்தில் 16 ஏக்கர் பல்கலைக்கழகத்துக்கும், 27 ஏக்கர் பொதுப் பூங்காவாக நடுவண் அரசுக்கும் வழங்கப்பட்டன. எஞ்சிய பகுதி டென்மார்க் தூதரகத்துக்காக விற்கப்பட்டது. 1944 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21 முதல் அக்டோபர் 7 வரை, ஐக்கிய நாடுகள் அவையை அமைப்பதற்கான முன்னோடிப் பேச்சுவார்த்தைகள் இவ்வீட்டில் நடைபெற்றன. 'டம்பார்டன் ஓக்ஸ்' என்ற பெயர் உலகெங்கும் அறியப்பட்டது இதன் பின்னரே ஆகும்.

வரலாற்றுச் சான்றாகக் கடிதங்கள்

உடைமை வரலாறு

ஒரு கலைப்பொருள் கண்டெடுக்கப்பட்ட நாள் முதல் இன்று வரை யார் யாரிடம் இருந்தது என்ற தொடரை உடைமை வரலாறு என்பர். தொல்பொருள் வணிகர்கள் தமக்குப் பொருள் கிடைத்த வழியை வெளியில் சொல்வதில்லை. ஆனால் வாங்குவோருக்கும் அவரது ஆலோசகருக்கும் இடையே நடக்கும் கடிதங்களில் வணிகரின் பெயர், கேட்ட விலை, பேரம், ஐயம் ஆகியன மறைவின்றி இடம்பெறும்.

மேற்கூறிய ரிஹா தட்டும் கிண்ணமும் சிரியாவில், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்தவை. அப்போது சிரியா உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. 1884, 1906 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட உதுமானியச் சட்டங்கள் தொல்பொருட்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்வதைத் தடை செய்திருந்தன. எனினும் அப்பகுதியில் கிடைத்த வெள்ளிப் பொருட்கள் பல வணிகர்கள் வழியாக மேலைநாடுகளை அடைந்தன. ஆலயம் ஒன்றுக்கு ஒன்றாகக் காணிக்கையளிக்கப்பட்ட பொருட்கள் இவ்வாறு பல நாடுகளில் சிதறின. ரிஹா, ஹமா, ஸ்தூமா, அந்தியோக்கியா எனத் தனித்தனிப் பெயர்களால் அறியப்படும் வெள்ளிப் பொருட்கள் யாவும் கேப்பர் கொரவோன் என்னும் சிற்றூரின் ஆலயத்தைச் சேர்ந்த ஒரே புதையல் என்ற கருத்து 1986 ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. அவை இன்று வாஷிங்டன், பால்ட்டிமோர், நியூயார்க், இஸ்தான்புல் ஆகிய நகரங்களில் உள்ளன.

ஆகவே இக்கடிதங்களை இரு வகையாகப் படிக்க இயலும். ஒரு புறம், புறக்கணிக்கப்பட்ட ஒரு கலையை மதித்துப் பாதுகாத்தவர்களின் ஈடுபாட்டை இவை காட்டுகின்றன. மறுபுறம், அக்கலையைப் படைத்த மண்ணிலிருந்து அது எவ்வாறு பிரிக்கப்பட்டது என்பதற்கும் இவையே சான்று. இவ்வினா பழங்கதையன்று. துருக்கியில் 1963 ஆம் ஆண்டில் கிடைத்த 'சீயோன் புதையல்' எனப்படும் வெள்ளிப் பொருட்களில் ஒரு பகுதி டம்பார்டன் ஓக்சிலும், மற்றொரு பகுதி துருக்கியின் அந்தாலியா அருங்காட்சியகத்திலும் உள்ளன. முதற்பகுதியைத் திருப்பித் தருமாறு துருக்கி கோரியுள்ளது. பண்பாட்டுப் பொருட்களின் சட்டமுரணான கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970 ஆம் ஆண்டிலேயே ஏற்கப்பட்டது.

வரம்புகள்

தனிப்பட்ட கடிதங்களைச் சான்றாகக் கொள்வதில் சில வரம்புகள் உள்ளன.

முதலாவதாக, கடிதம் எழுதுவோர் ஒருவருக்கொருவர் முழு உண்மையையும் கூறுவர் என்பதில்லை. பாஸ்டன் நகரில் 1903 ஆம் ஆண்டில் தம் அருங்காட்சியகத்தைத் திறந்த இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னருக்கும் (1840–1924) அவருடைய ஆலோசகர் பெர்னார்ட் பெரன்சனுக்கும் (1865–1959) இடையிலான கடிதங்கள் 1987 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. டிஷியன் வரைந்த 'யூரோப்பா' ஓவியத்தைக் கார்ட்னர் 1896 ஆம் ஆண்டில் வாங்கியதைப் போன்ற நிகழ்வுகள் அவற்றில் விரிவாக உள்ளன. ஆனால் பெரன்சன், கார்ட்னரிடம் தரகு பெற்றுக்கொண்டே விற்பனையாளரின் இலாபத்திலும் பங்கு பெற்றார் என்பதை அறிய, விற்பனை நிறுவனத்தின் ஆவணங்களையும் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவதாக, எந்தக் கடிதம் எஞ்ச வேண்டும் என்பதை முடிவு செய்வோர் பெரும்பாலும் அவற்றின் உரிமையாளர்களே. வேண்டாதவற்றை எரித்துவிட இயலும். ஃபாரண்ட் 1955 ஆம் ஆண்டில் மேய்ன் மாநிலத்திலிருந்த தம் ரீஃப் பாயிண்ட் தோட்டத்தைத் தாமே கலைத்துவிட்டு, நூலகத்தையும் ஆவணங்களையும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். தோட்டம் மறைந்தது, ஆவணங்கள் எஞ்சின. இவ்வாறு திட்டமிட்டுப் பாதுகாத்தோர் மிகச் சிலரே.

மூன்றாவதாக, கடிதங்களில் குரல் பெறுவோர் ஒரு சிறு வட்டத்தினரே. மேடைகளுக்குக் கல் சுமந்தவர்கள், செடிகளுக்கு நீர் ஊற்றியவர்கள், சிரியாவின் சிற்றூரில் வெள்ளிப் பொருட்களைத் தோண்டி எடுத்தவர்கள் ஆகியோர் தம் கருத்தை இவற்றில் எழுதவில்லை. அவர்களைப் பற்றி அறியக் கூலிப் பதிவேடுகள், ஒளிப்படங்கள், அகழாய்வுக் குறிப்புகள் முதலிய பிற சான்றுகளைத் தேட வேண்டியுள்ளது.

பாதுகாப்பும் வெளியீடும்

பிளிஸ் இணையரின் கடிதங்களும் ஆவணங்களும் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலும் டம்பார்டன் ஓக்சிலும் பாதுகாக்கப்படுகின்றன. டைலருடனான கடிதப் போக்குவரத்தை ராபர்ட் நெல்சன், ஜேம்ஸ் கார்டர் ஆகியோர் பதிப்பித்துள்ளனர். டம்பார்டன் ஓக்ஸ் நிறுவனம் அதனை விளக்கக் குறிப்புகளுடன் இணையத்தில் வெளியிட்டுள்ளது. கடிதங்களில் வரும் ஆட்கள், இடங்கள், கலைப்பொருட்கள் ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகளும் உடன் தரப்பட்டுள்ளன. இதனால் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பொருளைப் பார்ப்பவர் அதைப் பற்றிய கடிதத்தையும் படிக்க இயலும்.

கடிதம் எழுதிய தலைமுறைக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான தொடர்பு டைலரின் மறைவுடன் முடியவில்லை. அவருடைய மகன் வில்லியம் ராயல் டைலர் 1969 முதல் 1977 வரை டம்பார்டன் ஓக்சின் இயக்குநராகப் பணியாற்றினார். மில்ட்ரெட் தம் இறுதிக் காலம் வரை தோட்டக்கலை நூல்களைச் சேகரித்தார். அவற்றுக்கான நூலகமும், ராபர்ட்டின் அமெரிக்கத் தொல்பொருட்களுக்காகக் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன் வடிவமைத்த காட்சிக்கூடமும் 1963 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டன. பிளிஸ் இணையரின் சாம்பல் அத்தோட்டத்தின் ரோஜாத் தோட்டப் பகுதியில் வைக்கப்பட்டுள்ளது. விதைத்ததையே அறுப்பாய் என்னும் பொருளுடைய இலத்தீன் குடும்ப வாசகம் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது.